சர்க்குலர் டீச்சர்

அந்த வருடம் நாட்டில் என்ன நடந்தாலும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சர்க்குலர் வந்துவிடும். ஹெட்மாஸ்டர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எங்கள் மூத்த டீச்சரின் மேசைக்கு அனுப்பிவிடுவார். அவர் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு, மராத்தியில் இருப்பதை முதலில் உதட்டுக்குள்ளேயே ஒருமுறை வாசிப்பார். பிறகு விரலை வரிவரியாக நகர்த்தி இன்னொரு முறை. மூன்றாவது முறை சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். கோடு போட்டாகிவிட்டதென்றால் அந்தக் காகிதத்தில் இருப்பது நடந்தே தீரும். மழை வந்தாலும் சரி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சர்க்குலர் டீச்சர். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கலாம்.

தாராவியில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்துக்குள் அவர் எனக்கு டீச்சர்; கேட்டுக்கு வெளியே அக்கா. இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் செம்பூருக்குப் போனார், நான் விக்ரோலிக்குப் போனேன். என் அம்மா மட்டும் அதே சந்தில் அதே ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். அப்பா போனபிறகு தனியாக. விடிவதற்குள் இட்லி அவித்து, மாட்டுங்காவில் சைக்கிளில் விற்கிறவர்களுக்குக் கொடுப்பது அம்மாவின் பிழைப்பு. அவர் என் அம்மாவைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார். ரத்த உறவு இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஊர் ஒன்று, அவ்வளவுதான்.

அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மதிய உணவு அரிசியில் ஒரு பிடி வெளியே போக விட்டதில்லை. பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இரண்டு வரியோடு எழுந்து போயிருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது, கிழக்கே ரயில்கள் மோதி நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போன செய்தியின் சூடு இன்னும் ஆறவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, திருநெல்வேலிக்கு நாம் போகிற ரயிலும் அந்தப் பக்கமாகத்தான் போகுமா என்று கேட்டது. சாப்பாட்டு வேளையில் நான் அவரிடம் போனேன்.

"டீச்சர், நாளைக்குப் பிரேயர்ல ரெண்டு நிமிஷம் பேசாம நிப்பமா? பிள்ளைகளுக்கு மனசு கெடந்து அடிக்குது."

"சர்க்குலர் வரலையே."

"வராட்டி என்ன?"

"வரட்டும்ளா. வந்தா ரெண்டு நிமிஷம் என்ன, பத்து நிமிஷம் நிக்க வைக்கேன்."

வரவில்லை. மறுநாள் நான் என் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பிள்ளைகளையும் நிற்கவைத்தேன். அவர் வராந்தாவில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். திட்டவில்லை. மாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தவர், "அந்த ரெண்டு நிமிஷத்த டைரியில என்னன்னு எழுதுன?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை என்றேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை; பயம். பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்க்கிறவளின் முகம்.

இத்தனைக்கும் மூன்று மாதம் முன்னால், மார்ச்சில், அவர் செய்ததை நான் மறந்திருக்கவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் நகரத்துக்கு வந்தார்கள். அவர்கள் கார் போகும் சாலை ஓரம் முழுக்க மூங்கில் நட்டு, இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகளின் வீடுகள். துணிக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள். ஐந்தாம் ஆறாம் வகுப்பிலிருந்து நாற்பது பேரைக் கொடியோடு காலை பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், கார்கள் பதினொன்றுக்கு வரும் என்று சர்க்குலர். அவர் ஒன்பதே முக்காலுக்கே நிறுத்திவிட்டார்.

ஒரு சிறுமி துணியைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்: "டீச்சர், எங்க வீடு இதுக்குப் பின்னாலதான் இருக்கு."

"கையக் காட்டாத. கொடியக் காட்டு" என்றார் அவர்.

பதினொன்று போனது, பன்னிரண்டு போனது. தார் ரோட்டிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. நிழலில் உட்காரவைக்கலாம் என்றேன். வரிசை கலையக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார். அவரும் அவர்களோடு வெயிலிலேயேதான் நின்றார், குடை பிடிக்காமல். ஒரு மணிக்கு மேல், வீட்டைக் காட்டிய அதே சிறுமி துணிமேல் சாய்ந்து சரிந்துவிட்டாள். ஐம்பத்தேழு வயதில் அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார். கரும்புச்சாறு கடைக்காரனிடமிருந்து தண்ணீர் வாங்கி முகத்தைத் துடைத்து, சாறு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, புடவைத் தலைப்பால் விசிறினார். அவள் கண் திறந்ததும் என்னிடம் விட்டுவிட்டு வரிசைக்குத் திரும்ப ஓடினார். ஒன்றரை மணிக்குக் கார்கள் வந்தன. கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது. பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள். உள்ளே யாராவது பார்த்தார்களா என்று தெரியாது.

மறுநாள் அவர் எழுதிய ரிப்போர்ட்டை வாசித்தேன். 'மாணவி காலை உணவு உண்ணாமல் வந்திருந்ததால் மயக்கமடைந்தார்.'

"என்ன டீச்சர் இப்படி எழுதியிருக்கிய?"

"சாப்பிடாமத்தான வந்தா. நான் கேட்டேன், அவளே சொன்னா."

அதுவும் உண்மைதான். வீட்டுவேலைக்குப் போகும் அவள் அம்மாவை வரவழைத்து, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பும்படி சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு போட்டாள். ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் மகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றது மட்டும் அதில் இல்லை.

ஆகஸ்டில் மண் சர்க்குலர் வந்தது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒரு பிடி மண் எடுத்துத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள், அங்கே அதில் பூங்கா அமைப்பார்கள், உங்கள் இடத்து மண்ணைக் கலயத்தில் கொண்டுவந்து சேர்க்கவும் என்று உத்தரவு. கேட்டால் சிரிப்பு வரும். தாராவியில் மண் இல்லை. பள்ளிக்கூட முற்றம் சிமெண்ட். சந்துகள் கல் பாவியவை, கல்லுக்குக் கீழே குழாய்கள். ஹெட்மாஸ்டர், "குயவர் தெருவுல ஒரு உருண்டை வாங்கிப் போட்டு அனுப்புங்க" என்றார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது குஜராத்திலிருந்து லாரியில் வருகிற மண், நம் இடத்து மண் இல்லை என்றார். அம்மாவின் வாசலில் எண்ணெய் டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதையும் போய்ப் பார்த்தார்.

"சித்தி, இந்த மண்ணு எங்க உள்ளது?"

"டிராம்பே பக்கம் கட்டடம் கெட்டுன எடத்துல ஒங்க சித்தப்பா சாக்குல அள்ளிட்டு வந்தாவ. எதுக்குட்டி கேக்க?"

"அப்ப அது ஆகாது சித்தி."

மூன்று நாள் அலைந்தார். நாலாம் நாள், பெரிய சாக்கடையை ஆழப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்தார். கருப்பாக, நாறிக்கொண்டிருந்தது. பள்ளி மொட்டைமாடியில் தாளை விரித்து இரண்டு நாள் காயப்போட்டு, கட்டியை உடைத்து, சல்லடையில் சலித்து, கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டினார். மற்ற பள்ளிக்காரர்கள் நர்சரியில் வாங்கிய செம்மண்ணைக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து மட்டும் தாராவியின் நிஜ மண் போனது.

அதே மாதம் நிலாவில் நம் கலம் இறங்கியது. அன்று சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துத் திரையில் காட்ட வேண்டும், அவர்கள் கை தட்டும் போட்டோவை ஆறு மணிக்குள் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. கலம் இறங்குவதோ ஆறு மணிக்குமேல். எங்களுக்கெல்லாம் குழப்பம். அவருக்கு இல்லை. ஐந்தரைக்குப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "எல்லாரும் இப்ப ஒருக்கத் தட்டுங்க" என்றார்.

"இன்னும் இறங்கலையே டீச்சர்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"இறங்கும்போது இன்னொருக்கத் தட்டலாம்."

தட்டினார்கள். போட்டோ போய்ச் சேர்ந்தது. ஆறு மணி தாண்டிச் சரியான நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, நெட் போய்விட்டது. வெளியே சந்தில் பட்டாசு வெடித்தது, கோஷம் கேட்டது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதைக் கேட்டுத்தான் இறங்கிவிட்டதென்று எங்களுக்குத் தெரிந்தது. அவர் மட்டும் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் நடிப்பு இல்லை. அவருக்கு அந்தக் கலத்தைவிட, அத்தனை ஆயிரம் பேர் எழுதிவைத்தபடியே எல்லாம் நடந்ததுதான் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் அக்காவைப் பற்றிய ஒரு பழைய கதையைச் சொன்னாள்.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, குடிசைகளை எண்ணுகிறவர்கள் வந்தார்களாம். குடும்பத்தைக் குடிசைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, நம்பர் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால் இடிக்க மாட்டார்கள். அவருடைய அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஊரில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு போயிருந்தார். குடிசை பூட்டிக் கிடந்தது. எண்ண வந்தவர்கள் அடுத்த குடிசைக்குப் போய்விட்டார்கள். மழைக்கு முன்னால் ஒருநாள் ஆட்கள் வந்து, நம்பர் இல்லாத குடிசைகளை மட்டும் பிரித்துப் போட்டார்கள்.

"அஞ்சு பேரும் நம்ம வீட்டுலதான் இருந்தாவ. ஏழு மாசம்" என்றாள் அம்மா. "நான் கெட்டி வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு. அந்தப் பிள்ள சோத்த வச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்கும், எங்க அப்பா ஒரு காயிதம் வாங்க மறந்துட்டாவளா சித்தின்னு. அவளப் பாத்துச் சிரிக்காதட்டி."

அன்றிலிருந்து நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினேன். அவர் மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைகளில், தேதிவாரியாக அடுக்கியிருந்த காகிதங்களைப் பார்த்தால் மனசு இளகவும் செய்தது. அந்த இளக்கம் மே மாதம் வரைக்கும் இருந்தது.

நவம்பரில் அம்மா ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். எங்கே போனாலும் வீட்டுக் காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது அவள் பழக்கம். பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பயம். டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தங்கை வீட்டில் கழுத்தளவு தண்ணீர். மாடிக்கு ஏறும்போது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் அடுத்த ஊர்ப் பையன்கள் படகில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் மிஞ்சியது. மஞ்சள் பை போய்விட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்து நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஆபரேஷன் ஆனது, ஏப்ரல் வரைக்கும் அம்மா அங்கேதான் இருப்பாள் என்பது, பை போனது, ஒன்று விடாமல். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அழுதார். அந்த வெள்ளிக்கிழமை மாட்டுங்கா கோயிலில் அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்து குங்குமம் கொண்டுவந்து தந்தார். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எதையும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் அவருக்கே தெரியும்.

எங்கள் வட்டாரத்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் பல வருடங்களாக அவரிடம்தான் இருந்தது. பள்ளி விட்டதும் பெரிய நோட்டும் பேனாவுமாகச் சந்து சந்தாகப் போய்க் கதவைத் தட்டுவார். அந்தக் குளிர்காலத்திலும் தட்டினார்.

மே மாதம் தேர்தல். அம்மா திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்து நாலு எட்டு வைப்பாள், நிற்பாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "இத்தன வருஷமா ஒரு தடவயும் விடல" என்றாள். ஓட்டுச்சாவடி எங்கள் பள்ளிதான். வாசலில் பந்தல் போட்டு, பட்டியலோடு அவர் உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணியிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போட்டிருந்தார்.

"நம்ம பிள்ளதான் இருக்கு" என்று அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

அவர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். இடுப்பு எப்படி இருக்கிறது, தையல் பிரித்தார்களா என்று விசாரித்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், பட்டியலைப் புரட்டி, விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சித்தி, பேரு இல்ல."

"நல்லாப் பாருட்டி."

"பாத்துட்டேன். எடுத்தாச்சு."

"நான் இருக்கேம்லா" என்றாள் அம்மா.

"லிஸ்ட்ல இல்ல சித்தி."

நான் குனிந்து பார்த்தேன். அம்மாவின் போட்டோ மேல் குறுக்காக ஒரு முத்திரை விழுந்திருந்தது. இடம் மாறிவிட்டார் என்று.

"இத யாரு எழுதுனா?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். குரலில் ஒளிவு மறைவு இல்லை. "மூணு தடவ போனேன். மூணு தடவயும் பூட்டியிருந்துச்சு. கதவுல நோட்டீஸ் ஒட்டுனேன். பக்கத்து வீட்டுல ரெண்டு பேருகிட்ட கையெழுத்து வாங்குனேன்."

"அம்மா எங்க இருந்தான்னு ஒங்களுக்குத் தெரியாதா அக்கா? நான் சொன்னேம்லா? நீங்க அழுதியள்ளா?"

"சொன்ன. எனக்குத் தெரியும்ங்கிறத எழுத அதுல எடம் இல்லளா."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ இந்தியில் சத்தம் போட்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் அவர் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். புதிதாகப் பெயர் சேர்க்கிற தாள். மணிமணியான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் எதுவும் கேட்காமலே எழுதினார். இந்தத் தேர்தலுக்கு உதவாது, அடுத்ததற்கு ஆகும் என்றார். அம்மா தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எழுவது வயசுல நான் புதுசாட்டி?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

அந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வுபெற்றார். சால்வை போட்டோம், தேங்காய் கொடுத்தோம். பேசச் சொன்னபோது, "இத்தன வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு மெமோ வந்ததில்ல" என்று ஒரே வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதற்கிடையே தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான சர்வே எங்கள் சந்துக்கு வந்தது. கையில் டேப்லெட் வைத்திருந்த இளைஞர்கள் வீடு வீடாக நம்பர் எழுதினார்கள். குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பிருந்தே இங்கே குடியிருந்ததற்கு அம்மா பெயரில் ருசு வேண்டும். இருந்தால் இங்கேயே வீடு. இல்லாவிட்டால் நகரத்தின் ஏதோ ஓரத்தில், அதுவும் வாடகைக்கு. போட்டோ எடுத்துக் கொடுத்த பழைய அட்டையும் ரேஷன் கார்டும் தாமிரபரணியோடு போயிருந்தன. கரண்ட் பில் செத்துப்போன அப்பா பெயரில். நகல் கேட்டு நாலு ஆபீஸ் ஏறினேன்; பழைய ரெக்கார்டு கிடைக்கவில்லை என்றார்கள். பழைய வாக்காளர் பட்டியல்களில் அம்மா பெயர் இருந்தது. ஆனால் அக்கா எழுதிய தாளின்பேரில் புதிதாக வந்த வாக்காளர் அட்டையில் நம்பர் வேறு. கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்க இப்பதானே புதுசா சேர்ந்திருக்காங்க. பழைய லிஸ்ட்ல இருக்கிறது வேற ஆளா இருக்கலாம்" என்று இந்தியில் சொன்னார். மனுஷர் நல்லவர். ஒரு வழியும் சொன்னார். அரசாங்க வேலையில் இருக்கிற, அல்லது ஓய்வுபெற்ற யாராவது, சொந்தக்காரராக இல்லாதவர், இவரை அந்தக் காலத்திலிருந்தே இந்த வீட்டில் தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கடிதத்தை நானே எழுதி எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன்.

அவர் கணவர் கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு மோர் கொடுத்தார். அடை வார்த்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை வாசித்தார். விரலை நகர்த்தி மறுமுறை வாசித்தார். மூன்றாவது முறை நடுவில் நிறுத்தினார்.

"சின்ன வயசுல ஏழு மாசம் இவங்க வீட்டுல தங்கியிருந்தேன்னு எழுதியிருக்க."

"ஆமா. இருந்திய இல்லா?"

"இருந்தேன்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க அக்கா."

"அதுக்கு ருசு என்ன இருக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். அவர் விளையாடுகிறவர் இல்லை.

"எங்க குடிசையப் பிரிச்ச பெறவு எங்க பேரு எந்தக் கார்டுலயும் கெடையாதுளா. அந்த ஏழு மாசம் நாங்க எங்க இருந்தோம்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?"

"யாரு கேக்கப்போறா?"

"கேப்பாவ."

"நீங்கதான் அக்கா ருசு. நீங்க இருந்திய, எங்கம்மா கையால சாப்பிட்டிய. வேற என்ன வேணும்?"

அவர் கண் நிறைந்துவிட்டது. "சாப்பிட்டேன். இல்லன்னா சொல்லுதேன்? செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா காயிதத்துல எழுதுன்னா எனக்குக் கை வரலளா."

பேனா அவர் கையில்தான் இருந்தது. அதன் மூடியைத் திறந்தார், மூடினார். நான் கெஞ்சினேன். பிறகு கொஞ்சம் கடுமையாகவும் பேசினேன். நன்றி கெட்டவர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவர் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தார். அக்கா கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். உள்ளே போய், அம்மாவுக்கென்று நாலு அடையை டப்பாவில் வைத்து எடுத்துவந்தார். நான் வாங்கவில்லை. படி இறங்கும்போது, "சித்திய நான் கேட்டதா சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அக்கா ஊரில் இல்லை என்று சொல்லிவைத்தேன். அப்பாவோடு பழகிய ஒரு ரிட்டையர்டு தபால்காரரைத் தேடினேன். தாணேயில் இருந்தவர் போன வருடமே இறந்திருந்தார். வேறு யாரும் மிச்சமில்லை.

மழைக்காலம் முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். அம்மாவின் வீட்டு நம்பருக்கு நேரே, தகுதியில்லை என்று இருந்தது. போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மறுநாளுக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். செம்பூருக்குப் போனதையும், அவர் கையெழுத்துப் போட மறுத்ததையும், நான் திட்டியதையும் சேர்த்தே சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மாவுக்குக் கோபம் வரும், ஒரு வார்த்தையாவது ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். மடியில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டிவிட்டாள்.

"அந்த ஏழு மாசமும் அவ எம் பக்கத்துலதான் படுத்தா" என்றாள். "படுத்ததும் தெனமும் கேப்பா. சித்தி, நம்மள இங்கருந்தும் போகச் சொல்லுவாவளான்னு. நம்பர் போட்ட வீடு, இங்கருந்து யாரும் போகச் சொல்ல மாட்டாவ, உறங்குன்னு சொல்லுவேன்."

முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவகிட்ட பொய்தானட்டி சொல்லியிருக்கேன்."